பத்தி இல்லாத வினாத்தாள்

போன மாதம் நிரோஷா என்றொரு பிள்ளை போன் எடுத்தாள். ஹட்டன் பக்கம் தமிழ்ப் பாடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரிய ஆலோசகர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிற வேலை. ஓய்வு பெறுவதற்கு முன் பல வருடம் நானும் அதைத்தான் பார்த்தேன்.

"டீச்சர், தரம் ஏழுக்கு நீங்க ஒரு தேயிலை பேப்பர் செஞ்சீங்களாமே? வாசிச்சு விளங்கிக்கிறதுக்கு. அதுக்குத்தான் புள்ளைங்க நல்லா புள்ளி எடுத்திருக்காங்கன்னு பழைய பைல்ல இருக்கு. இந்தத் தவணைக்கும் அதையே குடுக்கலாம்னு இருக்கோம். ஒரு கொப்பி இருக்குங்களா?"

"அம்மா தாயே, அந்தப் பேப்பர எங்க கண்டாலும் தூக்கி அடுப்புல போடு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டாள். எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தப் பைலில் புள்ளி இருக்கிறதாம்! அந்தப் புள்ளி என்ன ஆனது என்று விளக்கம் எழுதி எழுதி என் விரல் தேய்ந்ததே, அது எந்தப் பைலில் இருக்கிறது? அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை என்பதால் வட்டவளையில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நிரோஷாவாவது முழுதாக வாசிக்கட்டும்.

என் படிப்புக் கதை நீளமில்லை. உயர்தரம் எழுதினேன், நியமனம் கிடைத்தது, பயிற்சிக் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தேன், அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடம் தமிழ் படிப்பித்தேன். பிறகு வலயக் கல்விப் பணிமனையில் ஆலோசகர். அவ்வளவுதான்.

ஆலோசகராகப் போன பிறகுதான் ஆறாம், ஏழாம், எட்டாம் தரங்களில் பிள்ளைகள் வாசிக்கிற லட்சணம் மொத்தமாகக் கண்ணில் பட்டது. ஒரு பத்தி கொடுத்து, கீழே பத்துக் கேள்வி கேட்டு, பிள்ளை வாசித்ததை விளங்கிக்கொண்டதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கிற வரியை அப்படியே தூக்கி எழுது. இதை ஒளிவுமறைவாக அல்ல, கரும்பலகையில் எழுதியே படிப்பித்தார்கள். 'வரி தூக்குறது' என்று அதற்குப் பெயர் வேறு. பத்துக்குப் பத்து எடுத்த ஒரு பிள்ளையின் பேப்பரை மூடி வைத்துவிட்டு, "சரி, இந்தக் கதையில என்னதாம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டீச்சர், அது கேள்வியில இல்லையே" என்றது.

இதை எங்கள் உதவிப் பணிப்பாளரிடம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம், சேர் என்றே சொல்கிறேன். கெட்ட மனிதர் இல்லை. மடிப்புக் கலையாத சட்டை, அதன்மேல் கையில்லாத சுவெட்டர், சட்டைப் பையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனா. எதைச் சொல்லப் போனாலும் "ஒரு வசனத்துல சொல்லுங்க டீச்சர்" என்பார். அவருக்குத் தேத்தண்ணி வரும். கோப்பையைச் சாசரால் மூடி வைப்பார். நீங்கள் பேசி முடிக்கும்வரை தொடமாட்டார். மூடியை எடுத்துக் குடித்தாரென்றால் சம்மதம். குடிக்காமலே கோப்பையைத் தள்ளி வைத்தாரென்றால் நீங்கள் எழுந்து போகலாம். வாயால் 'இல்லை' என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. புள்ளி அட்டவணையை மட்டும் ரூல் தடியை வைத்து வரி வரியாகப் பார்ப்பார். வினாத்தாளை ஒருநாளும் வாசித்ததில்லை.

அன்றைக்கு நான் ஒரு வசனத்தில் சொன்னேன்: "சேர், நம்ம புள்ளைங்களுக்குத் தெரியாத விஷயத்தையே குடுத்துக் குடுத்துத்தான் இந்தக் கதி, நம்ம தோட்டத்தைப் பத்தியே நான் ஒரு பேப்பர் செய்றேன்."

அதுவரைக்கும் எங்களுக்கு வந்த பத்திகள் அப்படித்தான் இருந்தன. ஒன்றில் பனங்கிழங்கு, இன்னொன்றில் கடலோரக் களப்பில் இறால் பிடிப்பு. எங்கள் பிள்ளைகள் இறாலைக் கண்ணால் கண்டதில்லை. எனக்கு அது வயிற்றெரிச்சல். எங்கள் வாழ்க்கை ஒரு வினாத்தாளில் வந்தால் என்ன, குறைந்தா போய்விடும்? இது நியாயமான கேள்வி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நியாயமான கேள்வியை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் படுமுட்டாள்தனம்.

சேர் மூடியை எடுத்துக் குடித்தார்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். வள்ளியம்மா என்றொரு பெண். விடிகாலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறாள், மழைக்குப் படங்கு கட்டிக்கொள்கிறாள், கொழுந்து எடுக்கிறாள், நிறுவைக்குக் கொண்டுபோகிறாள். அன்றைக்கு மட்டும் பாதை சரிந்துபோனதால் ஆற்றோரமாகச் சுற்றிப் போய்ப் பிந்திவிடுகிறாள். சொற்களை எண்ணினேன். சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நீண்ட வசனங்களை உடைத்தேன். பத்துக் கேள்வி எழுதினேன். கேள்விகளுக்கு மேலே கொட்டை எழுத்தில், 'பின்வரும் பத்தியை வாசித்து, அதில் உள்ளபடி மட்டும் விடை எழுதுக' என்று போட்டேன். பணிமனை மெஷின் இரண்டு பக்கமும் அடிக்காது என்பதால் பத்தி ஒரு தாள், கேள்விகள் ஒரு தாள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பொதி கட்டி, டேப் ஒட்டி அனுப்பினோம்.

புள்ளிகள் வந்தபோது பணிமனையே பண்டிகை கொண்டாடியது. நாலுக்கும் ஐந்துக்கும் மேலே போகாத பிள்ளைகள் ஏழு எடுத்திருந்தார்கள். சேர் அட்டவணையை ரூல் தடி வைத்துப் பார்த்து, நீலப் பேனாவால் கோடு போட்டு, மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு அனுப்பினார். எனக்கும் தலைகால் புரியவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டு வாங்கினேன். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பணிமனை வாசலில் ஒரு அம்மா மகளோடு வந்து நின்றார். அக்கரப்பத்தனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டம். அன்றைக்கு வேலைக்குப் போகாமல், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகள் லோஜினி, தரம் ஏழு. பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு, இழுத்துக் கட்டிய இரண்டு பின்னல்.

"நீங்கதானுங்களா அந்தப் பேப்பர் போட்ட டீச்சர்?" என்றார் அம்மா. "எம் புள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஸ்கூல் செவுத்துல பேரு ஒட்டியிருக்காங்க. முப்பத்திநாலு புள்ளைங்கள்ள இது ஒன்னுதானாம் சைபர். எங்க லயத்துல யாரு வீட்டுக்குக் கடுதாசி வந்தாலும், ஆஸ்பத்திரி துண்டு வந்தாலும் இதுதானுங்க வாசிச்சுச் சொல்லும். இதுக்குப் போயி வாசிக்கத் தெரியாதுன்னா எப்படிங்க?"

"பேப்பருக்கு எழுதினாத்தானேம்மா புள்ளி?" என்றேன். என் வாய்த்துடுக்கு.

"தலவாக்கலை ஸ்கூலுக்குப் போடணும்னு இருந்தோம். எட்டாம் ஆண்டுக்கு நாலைஞ்சு புள்ளைங்கள எடுக்குறாங்களாம். இந்தப் பேப்பர்ல நல்லா செஞ்ச புள்ளைன்னு இங்கயிருந்து கடிதம் வேணுமாம். வெள்ளிக்கெழமையோட முடியுது. எங்க தோட்டத்து மேல்பிரிவு ஸ்கூல்ல விஞ்ஞானத்துக்கு ஆளே இல்லீங்க. இது போவலைன்னா அங்கயே கெடந்துட்டு என் கூட மலைக்குத்தான் வரும்." அந்த அம்மா அழவில்லை. கோபமாகத்தான் நின்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அலுமாரியிலிருந்து மேல்பிரிவுப் பள்ளிக்கூடத்துப் பொதியை எடுத்து, லோஜினியின் தாளைத் தேடினேன். முதல் கேள்விக்கு எதிரே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'பத்தி தரப்படவில்லை. வாசிக்காமல் விடை எழுத முடியாது.' இரண்டாம் கேள்விக்கு, 'அதே காரணம்.' மூன்றுக்கும் அதே. பத்து வரைக்கும் அதே. கீழே சிவப்பில் பெரிய சைபர். பக்கத்தில் வகுப்பு டீச்சர், 'அதிகப்பிரசங்கி' என்று எழுதியிருந்தார்.

பொதியைக் கொட்டினேன். முப்பத்திநாலு கேள்வித்தாள் இருந்தது. பத்தித்தாள் ஒன்றுகூட இல்லை.

"பத்தி குடுக்கலையா உங்களுக்கு?"

"இல்ல டீச்சர். கேட்டேன். குடுத்ததுக்கு எழுதுன்னு சொன்னாங்க."

"அப்ப மத்தவங்க?"

"அவங்க எழுதினாங்க."

"எதப் பாத்து எழுதினாங்க?"

"கொழுந்து எடுக்குறதப் பத்தித்தானே டீச்சர் கேட்டிருந்தீங்க. மழைக்கு என்ன கட்டுவாங்க, எங்க நிறுப்பாங்கன்னு. அது எங்க எல்லாருக்கும் தெரியுமே."

"உனக்கும் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர். ஆனா பத்தியில என்ன இருக்குன்னு தெரியாதே. அதில் உள்ளபடி மட்டும்னு மேல போட்டிருந்துச்சு."

அட கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். மற்ற முப்பத்திமூன்று தாளையும் புரட்டினேன். அநேகமாக எல்லோருக்கும் ஏழு. பிழையாகப் போன மூன்று கேள்வியும் எல்லோருக்கும் ஒன்றுதான். வள்ளியம்மா அன்று ஏன் பிந்தினாள் என்ற கேள்விக்கு, 'பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டு வந்ததால்' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். மடுவமென்றால் மலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தையை விட்டுப் போகிற இடம். பாவம், அவரவர் அம்மா அதற்காகத்தான் பிந்துகிறார். பிறகு வேறு பள்ளிக்கூடங்களின் பொதிகளை அவிழ்த்தேன். பத்தித்தாள் ஒழுங்காகப் போன பள்ளிக்கூடங்கள். அங்கேயும் ஏழு. அங்கேயும் அதே மூன்று பிழை, அதே மடுவம். பத்தி கையில் இருந்தும் அவர்கள் வாசிக்கவில்லை. பத்தி இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே புள்ளி வருகிற பரீட்சையை உலகத்தில் யாராவது செய்திருப்பார்களா? நான் செய்தேன். தெரிந்த விஷயத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் ஆசையாக வாசிப்பார்கள் என்று நம்பி, வாசிக்கவே தேவையில்லாத பேப்பரைச் செய்து வைத்திருந்தேன்.

அந்த அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, வகுப்பு டீச்சருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினேன். "ஏன்மா, பத்தித்தாள் வரலைன்னா ஒரு போன் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

அந்தப் பக்கமிருந்து, "பொதிய உடைச்ச பொறகு பணிமனைக்குப் போன் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் மேல எழுதியிருந்தீங்க" என்றார்.

எழுதியிருந்தேன். முந்திய வருடம் பரீட்சை நடக்கும்போதே ஆசிரியர்கள் போன் எடுத்து விடை கேட்டுத் தொல்லை கொடுத்த கடுப்பில், ஒவ்வொரு பொதியிலும் என் கையால் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். போனை வைத்துவிட்டேன்.

பைலில் இருந்து உப்பளத்தைப் பற்றிய ஒரு பத்தியை எடுத்து லோஜினியிடம் கொடுத்தேன். கடலே காணாத பிள்ளை. வாசித்தாள், நிறுத்தினாள், திரும்ப மேலே போய் ஒரு வரியைப் பார்த்தாள், பிறகு எழுதினாள். பத்தில் எட்டு. பிழையாகப் போன இரண்டிலும் பத்தியோடுதான் மல்லுக்கட்டியிருந்தாள். இத்தனை வருடத்தில் வாசிக்கிற பிள்ளையை இப்படிக் கண்முன்னே பார்த்தது குறைவு. சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

எல்லாத் தாளையும் அள்ளிக்கொண்டு சேரிடம் போனேன். தேத்தண்ணி வந்தது, மூடி வைத்தார். "ஒரு வசனத்துல சொல்லுங்க டீச்சர்."

"சேர், இந்தப் பேப்பர் செல்லாது."

அவருக்கு விளங்கிவிட்டது. புத்திசாலி மனிதர். இந்தப் பிள்ளையின் சைபரைத் திருத்த வேண்டுமென்றால் பத்தி போகவில்லை என்று எழுத வேண்டும். பத்தி போகவில்லை என்றால் மற்ற முப்பத்திமூன்று பேர் ஏழு எடுத்தது எப்படி என்று மாகாணம் கேட்கும். அதைக் கேட்டால் வலயம் முழுக்கக் கிழியும்.

"இங்க பாருங்க டீச்சர்" என்றார். "புள்ள சுகமில்லாம அன்னிக்கு வரலைன்னு போட்டுடுவோம். வராத புள்ளைக்கு நீங்க வேற பேப்பர் குடுக்கலாம், அதுக்கு விதி இருக்கு. குடுத்துட்டீங்க, எட்டு எடுத்திருச்சு. கடிதம் அடிச்சுக் குடுங்க. தாய்க்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கங்க. புள்ளைக்கு ஸ்கூலும் கெடைக்கும், நமக்கும் தலைவலி இல்ல."

"மத்தப் புள்ளைங்க, சேர்? வாசிக்கத் தெரியும்னு எழுதிட்டோமே. இனி அதுகளுக்கு வாசிப்பு வகுப்பே கெடைக்காதே?"

"ஒவ்வொன்னா பாப்போம்." கோப்பையின் மூடியை எடுத்துக் குடித்தார்.

நான் தலையாட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை தலைக்குமேல் நிற்கிறது, ஒரு பிள்ளையாவது கரையேறட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு என் மானமும் தப்பும் என்பதையும் மனதுக்குள் யாரோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 'சுகவீனம் காரணமாக மேற்படி மாணவி பரீட்சைக்குச் சமுகமளிக்கவில்லை' என்று கடிதம் அடித்து வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். கடிதத்தை நீட்டி, கையெழுத்து வைக்கிற இடத்தைக் காட்டினேன். அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

"இரும்மா" என்று லோஜினி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து வாசித்தாள். தலைப்பு, திகதி, ஒன்றையும் விடவில்லை. நான் அவசரப்பட்டு, "எல்லாம் சரிதாம்மா" என்றேன். அவள் வாசித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"டீச்சர், நான் அன்னிக்கு ஸ்கூலுக்கு வந்தேனே."

"தெரியும்மா."

"எனக்குக் காய்ச்சலும் இல்ல."

"சும்மா இருடி" என்றார் அம்மா. "டீச்சர் நமக்கு நல்லதுதான் செய்றாங்க."

"நல்லதுதாம்மா. ஆனா இதுல வேற மாதிரி எழுதியிருக்கு."

"கையெழுத்து போட்டா எடம் கெடைக்கும்ங்கிறாங்கடி. நாளைக்கோட முடியுது."

லோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. இடம் வேண்டாம் என்கிற பிள்ளையில்லை அது. அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மேசையில் வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் அந்தப் பிள்ளைமேல் கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே இவ்வளவு பாடு, பெரிய அரிச்சந்திரன் மாதிரி வந்து நிற்கிறாயே என்று. வாய்வரை வந்துவிட்டது. பிள்ளைகள் விளங்கி வாசிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்பித் திரிந்தவள், விளங்கி வாசித்த ஒரே பிள்ளையை அதட்டப் பார்த்தேன். என்மேலேயே எனக்குச் சீ என்றாகிவிட்டது. கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளைத்தாள் எடுத்துக் கையால் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கையெழுத்துக் கடிதத்தால் என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குத் தலவாக்கலையில் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூட அதிபர் கடிதத்தை வாசித்துவிட்டு மாகாணத்துக்குப் போன் எடுத்தார். வலயம் முழுக்க வேறு பத்தியோடு மறுபரீட்சை வைத்தோம், புள்ளி பாதிக்கும் கீழே விழுந்தது. மேல்பிரிவில் முப்பத்திமூன்று பேருக்கும் வாசிப்பு வகுப்புத் தொடங்கியது. சேர் அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓய்வு பெறும்வரை என்னைக் களஞ்சிய அறையில் பாடப்புத்தகம் எண்ண வைத்தார்கள். புதிதாக வருகிற நிரோஷாக்கள் கையில் கிடைக்கும்படி தேயிலைப் பேப்பரின் பழைய புள்ளிகளை மட்டும் அப்படியே பைலில் விட்டு வைத்தார்கள். மனுஷர் என்னதான் செய்வது!

அன்றைக்கு நான் எழுதியது நாலு வரிதான். பத்தித்தாள் பொதியில் வைக்கத் தவறிவிட்டது, மாணவி அதைச் சரியாகக் குறிப்பிட்டிருக்கிறார், வகுப்பாசிரியர் அதைப் பணிமனைக்கு அறிவிக்காததால் சைபர் இடப்பட்டது, வேறு பத்தியில் எட்டுப் புள்ளி பெற்றார். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. லோஜினி இதையும் மேலிருந்து கீழே வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"டீச்சர், எங்க டீச்சர் போன் எடுக்காததுக்குக் காரணம் நேத்து சொன்னாங்கதானே? அது இதுல இல்லையே. இத வாசிக்கிறவங்க பிழை அவங்க மேலன்னுதானே நெனைப்பாங்க?"

அவளுக்குச் சைபர் போட்ட டீச்சர். அதிகப்பிரசங்கி என்று எழுதிய டீச்சர். நான் தாளைத் திருப்பி வாங்கி, இன்னொரு வரி எழுதினேன்: 'தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று எழுதி அனுப்பியவள் நானே, அந்தப் பிழை என்னுடையது.'

லோஜினி அந்த வரியை வாசித்தாள். பிறகு பேனாவை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இப்ப போடும்மா."